டீச்சர், அந்தச் சண்டையில நம்மாளுங்க இருந்தாங்களா?



மூன்று நாளாகக் கொடைக்கானலில் விடாத மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. போனில் சார்ஜ் இருக்கும்போதே எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். என் ஒரு மாணவனிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பும், உறவுகளிடம் கேட்க வேண்டிய ஒரு உதவியும் இதில் இருக்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு வீடியோ கால். எடுத்தால், கீழ்மலைப் பள்ளியில் 1994ஆம் ஆண்டு என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன். பையன் என்ன, அவன் மகளே இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை. கப்பல் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா துறைமுகத்தில் நிற்கிறதாம். அங்கே மணி எட்டு. நமக்கு அவர்கள் இரண்டரை மணி நேரம் முன்னால்.

"டீச்சர், காப்பிக்கொட்டைக் கப்பல் ஞாபகம் இருக்கா?" என்றான்.

எப்படி மறப்பேன்? என்னிடம் படித்த பலருக்கும் ஞாபகம் இருக்கும். நல்ல மழை பிடித்துவிட்டால் தகரக் கூரைச் சத்தத்தில் பாடம் நடத்த முடியாது. அன்றைக்குக் கடைசி பீரியட் கதைதான். எல்லாரையும் என்னைச் சுற்றி நெருக்கி உட்கார வைத்து, தரையில் காப்பிக்கொட்டைகளைப் பிறை நிலா மாதிரி அடுக்குவேன். அதுதான் 1588இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் இங்கிலாந்தின் மேல் அனுப்பிய பெரும் கப்பற்படை. சுமார் 130 கப்பல்கள். அந்தப் பக்கம் எலிசபெத் ராணியின் கப்பல்களுக்கு மிளகு. கலே துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற ஸ்பானியக் கப்பல்களை நோக்கி, நள்ளிரவில் ஆங்கிலேயர் எட்டுக் கப்பல்களுக்குத் தீ வைத்து மிதக்க விடுவார்கள். ஸ்பானியர் பயந்து நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டு ஓடுவார்கள். பிறை கலைந்துவிடும். மறுநாள் பீரங்கிச் சண்டை. பிறகு காற்று அவர்களை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். ஸ்காட்லாந்தைச் சுற்றி வீடு திரும்பும் வழியில், அயர்லாந்துக் கரைப் பாறைகளில் மோதிப் பல கப்பல்கள் உடையும். நான் கையால் 'ஊஊ' என்று காற்று வீசிக் கொட்டைகளைச் சிதற அடிப்பேன். கடலையே பார்க்காத மலைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள்.

கதையை அதோடு நிறுத்திவிடுவேன். சின்ன நாடு பெரிய நாட்டை வென்றது, கைதட்டு. அடுத்த ஆண்டே, 1589இல், ஆங்கிலேயர் தாங்களும் ஒரு பெரும்படையைத் திரட்டிக்கொண்டு ஸ்பெயின், போர்ச்சுகல் கரைக்குப் போய், லிஸ்பனைப் பிடிக்க முடியாமல், நோயிலும் பசியிலும் ஆயிரக்கணக்கான ஆட்களை இழந்து திரும்பினார்கள் என்பதை நான் சொன்னதே இல்லை. எனக்குச் சொல்லித் தந்தவர்களும் சொல்லவில்லை.

அப்படி ஒரு மழை நாளில்தான் இந்தப் பையன் எழுந்து கேட்டான். "டீச்சர், அந்தச் சண்டையில நம்மாளுங்க யாராச்சும் இருந்தாங்களா?"

வகுப்பே சிரித்தது. நான் அடக்கியிருக்க வேண்டும். நானும் சேர்ந்து சிரித்தேன். "ஆமாடா, உங்க தாத்தாதான் கப்பலுக்குக் கேப்டன், உட்காரு" என்றேன். அவன் முகம் சுருங்கி உட்கார்ந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அந்த வருடம் முழுக்க மற்ற பிள்ளைகள் அவனைக் 'கேப்டன்' என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னான்: "டீச்சர், நம்மாளுங்க இருந்திருக்காங்க. 1588ல இல்ல. ஆனா இங்கிலீஷ்காரனுக்கும் ஸ்பெயினுக்கும் நடந்த சண்டையிலதான். மெட்ராஸ்ல இருந்து கப்பல் ஏறி இந்த மணிலாவுக்கே வந்திருக்காங்க." அவனோடு வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவர், தன் அம்மா வழி மூதாதை மெட்ராஸ் சிப்பாய் என்று சொன்னாராம்.

நான் நம்பவில்லை. ஒரு வாரமாகத் தேடித் தேடிப் படித்தேன். அவன் சொன்னது சரிதான். எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். 'பிலிப்பைன்ஸ்' என்ற பெயரே அந்த இரண்டாம் பிலிப்பின் பெயர்தான். அவர் இளவரசராக இருந்தபோதே ஸ்பானிய மாலுமிகள் அந்தத் தீவுகளுக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். 1571இல் மணிலாவைத் தலைநகர் ஆக்கினார்கள். மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து வெள்ளிக் காசு நிறைந்த கப்பல் மணிலாவுக்கு வரும். அதைக் கொடுத்துச் சீனப் பட்டும் நம் ஊர்ப் பருத்தித் துணியும் வாங்கிப் போவார்கள். அந்த வெள்ளிமேல் ஆங்கிலேயருக்கு எப்போதும் கண்.

1762 ஜனவரியில் இரண்டு நாடுகளுக்கும் மறுபடி போர் மூண்டது. வில்லியம் டிரேப்பர் என்ற ராணுவ அதிகாரி, மணிலாவைச் சென்னையிலிருந்து போய்ப் பிடிக்கலாம் என்று லண்டனில் திட்டம் கொடுத்தார். அவருக்குச் சென்னை புதிதல்ல. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்து போராடியவர். அந்த முற்றுகையும் ஆங்கிலக் கப்பல்கள் கடலில் வந்து நின்றதும்தான் முறிந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரியும் ஆங்கிலேயரிடம் விழுந்துவிட்டது. சென்னையில் படை இருந்தது. செய்வதற்குப் புதிதாக ஒரு வேலை வேண்டியிருந்தது.

டிரேப்பரின் 79ஆவது ரெஜிமென்ட், பீரங்கிப் படை, பிடிபட்ட பிரெஞ்சுக்காரர்களில் சிலர், கம்பெனியின் சென்னைச் சிப்பாய்கள் சுமார் 600 பேர். கப்பலிலிருந்து இறக்கிய மாலுமிகளையும் சேர்த்தால், தரையில் சண்டையிட 2,300 பேர் அளவில். கடற்படைக்கு அட்மிரல் சாமுவேல் கார்னிஷ். எட்டுப் பெரிய போர்க்கப்பல்கள், கூடவே சின்னக் கப்பல்கள்.

அப்போது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும். ஆளும் பீரங்கியும் வெடிமருந்தும் எல்லாமே மசூலா படகில்தான் போக வேண்டும். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலை அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. துடுப்புப் போட்டவர்கள் நம் கரையோர மக்கள். அவர்கள் இல்லாமல் அந்தப் படையெடுப்பு மெரினா அலையையே தாண்டியிருக்காது.

ஆகஸ்டு தொடக்கத்தில் புறப்பட்டார்கள். மலாக்காவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, செப்டம்பர் 23ஆம் தேதி மணிலா விரிகுடாவில் போய் நின்றார்கள். போர் மூண்ட செய்தியே அங்கே முறையாக வந்து சேரவில்லை. கவர்னர் பொறுப்பில் இருந்தவர் ஒரு பேராயர், பெயர் ரோஹோ. மறுநாளே கொட்டும் மழையில், கொந்தளிக்கும் அலையில் கரை இறங்கினார்கள். அக்டோபர் 6ஆம் தேதி கோட்டைச் சுவர் உடைந்த இடத்தின் வழியாக நுழைந்தார்கள். நகரம் சூறையாடப்பட்டது. மேலும் கொள்ளையடிக்காமல் இருக்க 40 லட்சம் வெள்ளி பேசோ என்று பேரம். அதில் முழுத் தொகை கடைசிவரை வரவே இல்லை.

பேராயர் எல்லாத் தீவுகளையும் எழுதிக் கொடுத்தார். ஆனால் சிமோன் தெ அந்தா என்ற நீதிபதி, நகரம் விழுவதற்கு முன்பே தப்பி பம்பாங்கா பகுதிக்குப் போய், 'நானே கவர்னர்' என்று அறிவித்துப் படை திரட்டினார். மணிலாவுக்குள் அரிசியும் காய்கறியும் வராமல் தடுத்தார். சென்னையிலிருந்து கம்பெனி அனுப்பிய டாசன் டிரேக் என்பவர் மணிலாவில் கவர்னராக உட்கார்ந்தார். ஆனால் அவர் அதிகாரம் மணிலாவையும் கவித்தே துறைமுகத்தையும் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. கோட்டையைப் பிடித்தவர்களே கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள்.

இதைவிட வேடிக்கை பாரிஸில். 1763 பிப்ரவரி 10ஆம் தேதி சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. மணிலாவைப் பிடித்த செய்தி லண்டனுக்கு வந்து சேர்ந்ததே ஏப்ரலில். பெயர் சொல்லாத இடங்களை எல்லாம் பழைய சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியில் மணிலா போயிற்று. 1764இல் ஆங்கிலேயர் கப்பல் ஏறிவிட்டார்கள். அத்தனை சாவுக்கும் பலன் இவ்வளவுதான்.

ஏறியவர்கள் சரி. ஏறாதவர்களும் இருந்தார்கள். சிப்பாய்களில் ஒரு பகுதியினர் படையை விட்டு விலகி அங்கேயே தங்கிவிட்டார்கள். மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊர். அங்கேயும் பக்கத்து ஊர்களிலும் உள்ளூர்ப் பெண்களை மணந்துகொண்டு குடியேறினார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் சில, தங்களைச் சிப்பாய் வம்சம் என்று சொல்லிக்கொள்கின்றன.

இங்கே நம் மலையடிவாரத் திண்டுக்கல் அப்போது மைசூர்க்காரர் கையில். அதனால் நம் மலை ஆட்கள் அதில் இருந்தார்கள் என்று பெருமைக்காகச் சொல்ல மாட்டேன். சென்னை, ஆற்காடு, திருச்சி வட்டாரங்களில் கம்பெனி ஆள் எடுத்த காலம் அது. தமிழும் தெலுங்கும் பேசிய பிள்ளைகள். திரும்பி வந்தவர்கள் வந்து சேர்ந்த ஆண்டில் இங்கே மதுரையில் என்ன நடந்தது தெரியுமா? கம்பெனியின் சிப்பாய்த் தளபதியாக இருந்த யூசுப்கான், நம் மருதநாயகம், அதே கம்பெனியை எதிர்த்து நின்று, 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். அவர் பெயராவது நமக்குத் தெரிகிறது. மணிலாவில் நின்றவர்களைப் பற்றி நான் படித்ததில் எல்லாம் தளபதிக்குப் பெயர் உண்டு, கப்பலுக்குக்கூடப் பெயர் உண்டு. சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான். தங்கிவிட்டவர்களுக்கு ஒரே சொல்: 'ஓடிப்போனவர்கள்'.

அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்கு வேறொரு ஞாபகம் வந்தது. இது உறவுகளுக்காக எழுதுவது.

நம் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார். சின்னத் தாத்தா. 1930களில் மலாயாவுக்குக் கப்பல் ஏறிப் போனவர். 'கடனை அண்ணன் தலையில் போட்டுவிட்டு ஓடிப்போனவன்' என்றுதான் வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சு. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஈப்போவிலிருந்து ஒரு நீல நிற விமானக் கடிதம் வந்தது. அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் அடுப்படியில் உட்கார்ந்து மெதுவாகப் படித்துக் காட்டினேன். 'அண்ணிக்கு நமஸ்காரம்' என்று தொடங்கியது. பால்மரம் வெட்டும் வேலை, ஒரு பெண்ணைக் கட்டி இரண்டு பிள்ளைகள், கடனை நினைக்காத நாளில்லை, நான் இருக்கிறேனா என்று யாராவது கேட்டால் இருக்கிறான் என்று சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்.

அப்பத்தாதான் அவரைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவர். "ரெண்டு வரி எழுதிப் போடு கண்ணு" என்றார். "அதுக்குப் பதில் போட்டா கையை ஒடிச்சிருவேன்" என்று தாத்தா திண்ணையிலிருந்து சொன்னார். நான் எழுதவில்லை. அப்பத்தா அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை, தாத்தா தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் என் நோட்டையும் பேனாவையும் எடுத்து என் பக்கத்தில் வைத்தார். அப்போதும் நான் எழுதவில்லை. தாத்தாவுக்குப் பயம். மறுபடி கடிதம் வரவே இல்லை.

முப்பது வருடத்துக்கு மேல் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். அந்த இரண்டு வரியை எழுதவில்லை. அந்த வீட்டில் அன்று எழுதத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

கைந்தாவில் தங்கியவர்களுக்கும் இங்கே ஒரு அண்ணி, ஒரு அம்மா இருந்திருப்பார்கள். செத்தானா இருக்கிறானா என்று தெரியாமலே அவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். போர் யாருக்கு வெற்றி, எந்த ஆண்டு உடன்படிக்கை என்று பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி கேட்டவள் நான். கூட்டிக்கொண்டு போனவர்கள் யார், திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் கேட்டான். அவனுக்குக் 'கேப்டன்' என்று பட்டம் கட்டி உட்கார வைத்தேன்.

தம்பி, இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்றைக்கு நீ கேட்டதுதான் வகுப்பில் இருந்ததிலேயே நல்ல கேள்வி. உன்னைப் பார்த்துச் சிரித்ததற்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அன்று கூடச் சிரித்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நீங்களும் அவனுக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். இப்போது ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளுக்கு: கடைசி பெஞ்சிலிருந்து அசட்டுக் கேள்வி மாதிரி ஒன்று வந்தால், சிரிப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

உறவுகளுக்கு: வத்தலக்குண்டு வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டி யாரிடம் இருக்கிறது? அந்த நீலக் கடிதத்தை அப்பத்தா அதில்தான் சேலைக்கு அடியில் வைத்திருந்தார். அனுப்புநர் முகவரி அதன் பின்பக்கம் இருக்கும். தோட்டத்தின் பெயர் தெரிந்தால் போதும். ஈப்போ பக்கம் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், விசாரித்துச் சொல்வார்கள். சின்னத் தாத்தா இருக்க மாட்டார். அந்த இரண்டு பிள்ளைகள் இருக்கலாம். பதில் கடிதத்தை இந்த முறை நான் எழுதுவேன்.

பேட்டரி பதினோரு சதவீதம் காட்டுகிறது. எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்திக்கொள்ளுங்கள்.

எல்லாரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் டீச்சர்