பூங்காவிற்கு எவ்வழி?

புளோரிடாவில் 1971ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டைப் பூங்கா என்றழைப்பதே பொருந்தாது. ஏறத்தாழ 25,000 ஏக்கர். சிங்கப்பூரின் பரப்பில் ஏழில் ஒரு பங்கு! அதனுள் நான்கு பூங்காக்கள் தள்ளித்தள்ளி அமைந்துள்ளன. சிங்கப்பூரிலிருந்து குழந்தையோடும் முதிய தாயோடும் செல்லும் குடும்பம், வாடகைக் கார் எடுப்பதா, விடுதிப் பேருந்தை நம்புவதா என்பதை முன்னரே முடிவு செய்தல் நலம்.

டிஸ்னி விடுதிகளில் தங்குவோர்க்குப் பேருந்து இலவசம். ஆயினும், வாணவேடிக்கை முடிந்த இரவில், உறங்கிவிட்ட குழந்தையைத் தோளிலிட்டு, தள்ளுவண்டியை மடித்துக்கொண்டு நீண்ட வரிசையில் நிற்கவேண்டும். அவ்வேளையில் காரே மேலெனத் தோன்றும். ஆனால், மேஜிக் கிங்டம் பூங்காவின் வாயில்வரை கார் செல்வதில்லை. ஏரிக்கு இப்பாலேயே அதனை நிறுத்திவிட்டு, படகிலோ ஒற்றைத் தண்டவாள இரயிலிலோ அக்கரை சேரவேண்டும். இலவசப் பேருந்தோ வாயிலருகிலேயே இறக்கிவிடுகிறது!

மேலும், பகலெல்லாம் வெயிலில் நடந்த தந்தை, இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கைகளோடு இரவில் வலப்பக்கம் ஓட்டவேண்டும். அவருக்கு விடுமுறை என்றைக்கு? வாடகைக் கணக்கில் இது சேர்வதில்லை. பூங்கா நாட்களுக்குப் பேருந்தே போதும். கென்னடி விண்வெளி மையத்தைக் காண விரும்பினால், அந்த ஒரு நாளைக்கு மட்டும் கார் எடுக்கலாம். விடுதிப் பேருந்து அங்குச் செல்வதில்லை.