ஈயக்குண்டு

பொகவந்தலாவைத் தோட்டமொன்றில் நான் பிறந்து வளர்ந்த லயக் காம்பரா பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் உடையது. அதற்குள் ஆறு பேர் உறங்கினோம். அதற்குள்தான் அடுப்பு. அந்த அடுப்பில், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில், என் தந்தையார் தூண்டிலுக்காக ஈயம் காய்ச்சுவார்.

கெசல்கமுவ ஓயாவில் மீன் பிடிப்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு அன்று. வாரம் முழுதும் ரொட்டியும் சம்பலும் தின்ற குடும்பத்துக்கு அது ஒரு வேளைக் குழம்பு. துரைமாருக்கென்று குளிரோடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து வளர்த்த வரலாறு மலைநாட்டுக்கு உண்டு; அந்த மீன் எங்களுக்குரியதன்று. எங்களுக்குக் கலங்கல் நீரும் மண்புழுவும் போதும். ஆனால் ஓடுகிற நீரில் புழு அடியில் நிற்க வேண்டுமானால் தங்கூசி நரம்பில் கனம் வேண்டும். கடையில் விற்கும் குண்டு பாறையிடுக்கில் சிக்கி அறுந்தால் காசும் ஆற்றோடு போகும். ஆகவே வீட்டிலேயே வார்த்தார்கள்.

ஈயம் எங்கிருந்து வந்தது? தேயிலையிடமிருந்துதான் வந்தது. ஈரம் பட்டால் தேயிலை கெடும்; ஆதலால் பலகைப் பெட்டியின் உட்புறம் முழுதும் மெல்லிய ஈயத்தாள் பதித்து லண்டனுக்குக் கப்பலேற்றும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. என் பிள்ளைப் பருவத்தில் அலுமினியத் தாள் அவ்விடத்தைப் பிடித்துவிட்டது. ஆயினும் ஸ்டோரில் உழைத்து ஓய்ந்த என் பாட்டனார் கொண்டுவந்த பழைய ஈயத்தாள் சுருளொன்று எங்கள் கூரைக் கைமரத்தில் செருகியிருந்தது. அது தீர்ந்தபின் அப்பா லொறிகளின் பழைய பாட்டரித் தகடுகளைத் தேடிக்கொண்டார்.

வார்ப்பு வேலையை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பே மேலிடுகிறது. பிசைந்த களிமண்ணைப் பலகைபோல் தட்டி, இரண்டு துண்டாக்கி, மொச்சைக் கொட்டைகளை அழுத்திக் குழி செய்வார். அடுப்பின் அருகே பல நாள் காய வைப்பார். ஈரம் சிறிதே இருந்தாலும் உருகிய ஈயம் வெடித்துத் தெறிக்கும். பின்பு குழிகளைச் சிமினி விளக்கின் புகையில் காட்டிக் கரி படிய விடுவார். கரி படிந்த அச்சில் ஈயம் ஒட்டாது. நரம்பு கோக்கும் துளைக்காக நடுவில் உடைந்த குடைக்கம்பி ஒன்று. மீன் டின்னில் ஈயம் உருகி, பாதரசம்போல் பளபளத்து, மேலே சாம்பல் நிறக் கசடு படியும். அதைத் தகரத் துண்டால் வழித்து அடுப்புச் சாம்பலிலேயே தட்டிவிட்டு, குண்டுகளை வார்ப்பார்.

"இந்தாங்க, சோத்துப் பானைய எறக்கிட்டுத்தான் ஒங்க கொல்லுப்பட்டறைய வைக்கணுமா?" என்பார் அம்மா.

"மீன் வந்தா நீதானே மொதல்ல சட்டிய வழிப்ப" என்பார் அப்பா.

எனக்கும் தம்பிக்கும் வேறு வேலை. மீந்த ஈயத்தாளைக் கீற்றுகளாக நறுக்கி, நரம்பில் சுற்றி, இறுக்க வேண்டும். வீட்டில் குறடு இல்லை. பற்கள் இருந்தன. ஈயத்துக்கு ஒரு மெல்லிய இனிப்பு உண்டென்பது எனக்கு அக்காலத்திலேயே தெரியும். மறுநாள் காலையில், கொழுந்தெடுக்கப் போகுமுன், அம்மா அந்த அடுப்புச் சாம்பலை அள்ளித்தான் பாத்திரம் துலக்குவார்.

நான் ஆசிரியனாகிப் பல ஆண்டுகள் கழித்தே இதன் பொருளை அறிந்தேன். ஈயம் 327 பாகை வெப்பத்தில் உருகிவிடும். விறகடுப்புக்கு அது பெரிய காரியமன்று. ஆவியைவிட, வழித்தெறியும் கசடும் தூளுமே இத்தகைய வீட்டு வேலையில் பெருங்கேடு. உடலுக்குள் புகுந்த ஈயத்தை எலும்பு சுண்ணாம்புச் சத்தென்று எண்ணிச் சேமித்து வைக்கிறது. கருவுற்ற தாயின் எலும்பிலிருந்து அது சிசுவுக்கும் போகிறது. பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு ஈயத்தைச் சிறு குழந்தையின் குடல் உறிஞ்சக்கூடும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் இன்னும் அதிகமாக ஏற்றுக்கொள்கிறது. அதாவது, ஒரே அளவு நஞ்சு நிறைந்த வயிற்றைவிடப் பசித்த வயிற்றைக் கடுமையாகத் தாக்குகிறது! தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

என் தம்பி ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. எழுத்து அவனுக்குக் கூடி வரவில்லை. 'மரமண்டை' என்று பள்ளியில் பெயர் வைத்தார்கள். நானும் அப்படி அழைத்திருக்கிறேன். அதற்குக் காரணம் ஈயமா, பசியா, ஒரே அறையில் ஐந்து வகுப்புகள் இரைந்த பள்ளிக்கூடமா? அவன் குருதியை எவரும் சோதித்ததில்லை. அப்பாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு அதைச் சொல்லும் கடமை உடையோர் இருந்தார்கள்; அவர் அறிய வழி இருக்கவில்லை.

இங்கிலாந்தில் ஆற்றடியில் கிடந்த தூண்டில் ஈயக்குண்டுகளைச் சரளைக் கற்களோடு விழுங்கி அன்னங்கள் மடிந்தன. ஆராய்ந்தார்கள், எண்ணினார்கள், 1987இல் 28.35 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளின் விற்பனையைப் பெரும்பாலும் தடுத்தார்கள். நல்ல சட்டம், அன்னங்கள் வாழட்டும். ஆனால் அந்நாட்டாருக்குத் தேயிலை கிள்ளிக் கொடுத்த எங்களில் பலர், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராகி, அந்த 1987இலும் எந்த நாட்டின் கணக்கிலும் சேராதிருந்தோம். எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

சென்ற ஆண்டு என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் சிறுவன் ஒருவன் சட்டைப் பையிலிருந்து குண்டொன்றை எடுத்துக் காட்டினான். அதே மொச்சை வடிவம். பாட்டரித் தகட்டில் வார்த்ததாம், தானே செய்ததாம், முகத்தில் அத்தனை பெருமிதம்! அந்தப் பெருமிதத்தைக் குலைக்க எனக்கு மனம் வரவில்லை. குலைக்காமலும் இருக்க முடியவில்லை. கை கழுவச் செய்து, என் கதையைச் சொன்னேன்.

"அப்ப எதுல சார் செய்றது?" என்றான்.

கேள்வி நியாயமானது. மாற்றுச் சொல்லாமல் 'செய்யாதே' என்பது உபதேசிகளின் தொழில். இருவரும் களிமண் உருண்டைகளைத் துளையிட்டுச் சுட்டோம். ஈயம் நீரைவிடப் பதினொரு மடங்கு கனம்; சுட்ட மண் இரண்டு மடங்கே. நீருக்குள் அதே இழுவை பெற ஏறக்குறையப் பத்து மடங்கு பருமன் தேவைப்பட்டது. கெசல்கமுவ ஓயாவின் வேகத்தில் எங்கள் உருண்டை உருண்டு, தூண்டிலோடு கரையொதுங்கியது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மறுவாரம் சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட இரும்பு நட்டுகளைக் கோத்தோம். இரும்பு நீரைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு கனம், துளையும் அதிலேயே உண்டு, அடுப்பும் வேண்டாம். இரண்டு நட்டுகள் அடியில் நின்றன.

அவனிடம் இருந்த ஈயக்குண்டுகள் பதினேழையும் ஒரு போத்தலில் இட்டு மூடி வாங்கிக்கொண்டேன். அவற்றை வீசவும் இடமில்லை, புதைக்கவும் மனமில்லை. பாடநூல்களுக்கு மேலே, சிறுவர் கைக்கு எட்டாத தட்டில் இருக்கின்றன. தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் போத்தலைக் குலுக்கிப் பார்த்து, "அப்பா வார்த்ததா?" என்று கேட்கிறான்.