திசு என்றால் துணி

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ‘திஸ்ஸு’ என்றால் முதலில் துணிதான். நெய்தது என்று பொருள். அந்தச் சொல்லை உடற்கூறுக்குள் நிலைக்க வைத்தவர் பிஷா என்ற பிரெஞ்சு மருத்துவர். உடம்பில் 21 வகைத் திசுக்கள் உண்டு என்று 1801இல் எழுதினார். நுண்ணோக்கியை அவர் நம்பவில்லை. அறுத்தும், அவித்தும், உலர்த்தியும், அமிலத்தில் ஊற வைத்துமே பிரித்துப் பார்த்தார். மறு வருடம் முப்பது வயதில் இறந்துபோனார். இப்போது புறப்படலம், இணைப்பு, தசை, நரம்பு என்று நான்கே பெரும் பிரிவுகள். இலங்கைப் பாடநூல்களில் திசுவை ‘இழையம்’ என்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும், நூல் தெரிகிறது.

இந்தப் புராணம் எதற்கென்றால், என் வலது முழங்காலுக்காக. குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனி வளராது என்றார் டாக்டர். எலும்பு முறிந்தால் கூடுகிறது, வாய்ப்புண் நாலு நாளில் ஆறுகிறது, இதற்கு மட்டும் என்ன கேடு? குருத்தெலும்பில் ரத்தக் குழாயே கிடையாதாம். மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்து ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. பழுது பார்க்க ஆள் வர வழியில்லாத ஊர் மாதிரி.

மனைவியின் ஊரான கல்லாவிக்கு வந்த பிறகுதான் ஒட்டு மாங்கன்று கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சந்தூர் நர்சரி ஒன்றில், கொட்டையிலிருந்து முளைத்த கன்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, ஆப்பு போல் சீவிய பெங்களூரா குச்சியைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கினார் ஓர் அம்மா. “ரெண்டும் ஒரே தடிமனா இல்லைன்னா ஒரு பக்கமாவது பட்டையோட பட்டை பொருந்தணும் சார். இல்லைன்னா காஞ்சிடும்” என்றார். அவர் சொன்ன இடத்தில்தான், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, கேம்பியம் என்ற மெல்லிய திசு இருக்கிறது. மரம் உள்ளவரை பிரிந்து பெருகுவது அதன் வேலை. இரண்டு மரத்துக் கேம்பியமும் தொட்டுக்கொண்டால் வெட்டு மூடி, நீர்க்குழாயும் உணவுக்குழாயும் புதிதாக ஓடுகின்றன. சில வாரங்களில் குச்சி துளிர்க்கிறது.

இன்னொன்று. வேரிலிருந்து நீரை ஏற்றும் சைலத்தின் குழாய்கள் முழுக்கச் செத்த செல்கள். செத்த பிறகே அவற்றின் சர்வீஸ் ஆரம்பம்! நமக்கு 58இல் மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள்.

முழங்காலுக்கு உலோகமும் பிளாஸ்டிக்கும் வைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். ஆடி கழியட்டும் என்கிறாள் மனைவி. அதற்குள் வாங்கி வந்த நாலு கன்றுக்கும் குழி எடுத்தாக வேண்டும். ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்கும்படி நட வேண்டுமாம். குனிவதற்குத்தான் ஆள் தேடுகிறேன்.