மைக் கட்டியவர்கள்

காந்தியும் நேருவும் மேடையில் பேசும் பழைய புகைப்படங்களில் முகத்தை விட்டுவிட்டு மைக்கைப் பாருங்கள். பல படங்களில் அதன் தலையில் ‘சிகாகோ ரேடியோ’ என்ற பெயர்ப்பட்டை இருக்கும். எங்கள் ஊரில் இலக்கியக் கூட்டங்களுக்கு மண்டபம் பிடிப்பதும் மைக்செட்டுக்குச் சொல்லிவைப்பதும் பல வருடமாக என் தலையில் விழுந்த வேலை. அதனால் எந்த மேடைப் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் மைக்குக்குத்தான் போகும். அந்நியத் துணியை எரித்த இயக்கத்தின் மேடையில் சிகாகோவுக்கு என்ன வேலை? அங்கே பிடித்த நூல் என்னை எங்கெங்கோ இழுத்துப் போனது.

சிகாகோ ரேடியோ அமெரிக்கக் கம்பெனியே அல்ல. சிந்து மாகாணத்தின் சுக்கூரில் 1909இல் கியான்சந்த் மோட்வானி என்பவர் தொடங்கிய வியாபாரம் அது. சுக்கூரிலிருந்து கராச்சி, பிறகு பம்பாய் என்று இடம்பெயர்ந்தது. அமெரிக்கச் சரக்கை விற்ற தொடர்பில் சிகாகோ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1931இல் வல்லபபாய் படேல் தலைமையில் கராச்சியில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது ஒலிபெருக்கி அமைத்தவர்கள் இவர்கள். அதன்பின் மாநாடு எங்கே நடந்தாலும் மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் குழாய்களும் வயர்ச் சுருள்களுமாக அங்கே போய் இறங்கினார்கள். காந்தி மேடைக்குரல் வாய்த்தவரல்லர். தாழ்ந்த குரலில், பெரும்பாலும் உட்கார்ந்தபடியே பேசுவார். முன்வரிசையைத் தாண்டி அவர் பேச்சு போயிருக்கிறது என்றால் அதில் மோட்வானி குடும்பத்துக்கும் பங்கு உண்டு.

கியான்சந்தின் மகன் நானக் மோட்வானி குழாய் கட்டுவதோடு நிற்கவில்லை. தலைவர்களின் பேச்சுகளைப் பதிவும் செய்துவைத்தார். 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாய் கோவாலியா டேங்க் மைதானத்தில் காந்தி ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானத்தின் மீது பேசியதும் இவர்களுடைய மைக்கில்தான். அந்த மாதக் கடைசியில் உஷா மேத்தாவும் நண்பர்களும் ரகசிய காங்கிரஸ் வானொலியைத் தொடங்கினார்கள். நவம்பரில் போலீஸ் அதைப் பிடித்தபோது கைதானவர்களில் நானக்கும் ஒருவர். வழக்கில் அவர் விடுதலையானார். உஷா மேத்தாவுக்கு நான்கு வருடச் சிறை. விடுதலைப் போராட்டத்தைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருக்கிறது. மைக்செட்காரர் கைதான கதைக்கு அவற்றில் சில வரி கிடைத்தாலே பெரிது.

சரி, அந்தக் குழாயை முதலில் செய்தது யார்? கலிஃபோர்னியாவில் நாபா என்ற சிற்றூர். எட்வின் பிரிதாமும் டென்மார்க்கிலிருந்து வந்த பீட்டர் ஜென்சனும் அங்கே ஒரு வீட்டில் இருந்துகொண்டு தொலைபேசியின் காதுக்கருவியைச் செம்மைப்படுத்தப் பார்த்தார்கள். காந்தப் புலத்துக்குள் கம்பிச்சுருளைத் தொங்கவிட்டு, அதில் மின்சாரம் பாய்ச்சிச் சவ்வை அதிரவைப்பது அவர்கள் முறை. இன்றைய ஸ்பீக்கரும் அடிப்படையில் இதேதான். அதன் வாயில் கிராமபோன் குழலைப் பொருத்தியதும் அது ஊரைக் கூட்டும் கருவியாகிவிட்டது. 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் முன் திரண்ட பெருங்கூட்டத்துக்கு அதில் இசையும் பேச்சும் கேட்கவைத்தார்கள். மேக்னவாக்ஸ் என்ற பெயரில் அவர்கள் ஆரம்பித்த கம்பெனி பின்னாளில் ரேடியோவுக்கும் டிவிக்கும் பேர்போனது.

இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி 1919 செப்டம்பர் 19 அன்று சான் டியகோ விளையாட்டரங்கில் நடந்தது. சர்வதேச சங்கத்துக்கு ஆதரவு தேடி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன், ஏறத்தாழ 50,000 பேர் முன்னால் பேச வேண்டும். உடம்பு சரியில்லை, தலைவலி வேறு. மேடையில் அவருக்கென்று முன்பக்கம் திறந்த கண்ணாடி அறை ஒன்றை எழுப்பியிருந்தார்கள். தலைக்கு மேலே குரலை வாங்கிக்கொள்ளும் குழல்கள். அங்குமிங்கும் நகராமல் அந்தக் கூண்டுக்குள் நின்றே பேச வேண்டும். கூட்டத்துக்குக் கேட்டது, வில்சனுக்குத்தான் அது பிடிக்கவில்லை. பேசுகிறவருக்கு மைக்கோடு வரும் மனத்தாங்கல் அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது. “ஒரு சாண் தள்ளி நின்னு பேசுங்க சார்” என்று எங்கள் மைக்செட்காரர் கெஞ்சும்போது பேச்சாளர் ஒரு பார்வை பார்ப்பாரே, வில்சனும் அப்படித்தான் பார்த்திருப்பார்.

இதற்கும் முன்னால்? வெறும் தொண்டைதான். அதற்கும் ஒருவர் கணக்கெடுத்திருக்கிறார். 1739இல் பிலடெல்ஃபியா வந்த ஜார்ஜ் வைட்ஃபீல்ட் என்ற பாதிரியார் நீதிமன்றப் படிகளில் நின்று தெருவில் கூடியவர்களுக்குப் பிரசங்கம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஆற்றுப் பக்கமாகப் பின்னுக்கு நடந்துகொண்டே போனார். தெருச்சத்தத்தில் குரல் மங்குகிற இடம் வந்ததும் நின்றார். அந்தத் தூரத்தை வைத்து ஒரு அரைவட்டம். ஆளுக்கு இரண்டு சதுர அடி. 30,000 பேருக்கு மேல் கேட்க முடியும் என்று கணக்கு வந்தது. சுயசரிதையில் அவரே இதை எழுதியிருக்கிறார். கடைசி வரிசை வரை நடந்து போய்க் காது கொடுத்துப் பார்ப்பதுதான் மைக் டெஸ்டிங் என்றால், சான் பிரான்சிஸ்கோவில் ஒலிபெருக்கி ஒலிப்பதற்கு 176 வருடம் முன்பே ஃபிராங்க்ளின் அதைச் செய்துவிட்டார்.

நம் ஊரிலும் தொண்டைக் காலம் ஒன்று இருந்தது. 1907இல் விபின் சந்திர பாலைப் பாரதியும் நண்பர்களும் சென்னைக்கு அழைத்துவந்து கடற்கரையில் பேசவைத்தார்கள். மாலைக் கடற்காற்றை எதிர்த்துப் பேசுவதென்றால் என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள். நாடகக் கொட்டகையில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் உச்ச சுருதியில் பாடிப் பெயரெடுத்தார்கள். கடைசிப் பெஞ்சுக்காரனும் காசு கொடுத்துத்தானே உட்கார்ந்திருக்கிறான்! மைக் வந்த பிறகு கணக்கு மாறியது. அண்ணாவின் கரகரத்த குரலும், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் ஏறி இறங்கும் நடையும் 1907 கடற்கரையில் எடுபட்டிருக்காது என்பது என் கட்சி. திராவிட இயக்க மேடைப் பேச்சைப் புகழ்கிறவர்கள் அதில் ஒரு பங்கைச் சவுக்குக் கட்டையில் குழாய் கட்டியவனுக்கும் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் எங்கள் மைக்செட்காரரிடம் சொன்னேன். வில்சனின் கண்ணாடி அறையைப் பற்றி மட்டும் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, “ஆள கூண்டுல போட்டாங்க சரி சார், குழாய எந்தப் பக்கம் திருப்பியிருந்தாங்க?” என்றார். அவர் கவலை அவருக்கு. ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போனால் அது மறுபடி பெருகி வெளியே வரும், மறுபடி உள்ளே போகும். கடைசியில் ஊளைதான் மிஞ்சும். அதனால் பாக்ஸ் எப்போதும் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். மேடையின் அழகு கெடுகிறது என்று அதைப் பின்னால் தள்ளச் சொல்லும் நிர்வாகிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

நீள மண்டபம் என்றால் இன்னொரு வம்பு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி இன்னொரு பாக்ஸ் வைத்தால், அங்கே உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கத்துச் சத்தம் முதலில் வரும். மேடைச் சத்தம் நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வரும். ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்கும். தெரிந்தவர்கள் பின் பாக்ஸின் சத்தத்தை அதே அளவு தாமதிக்கவைக்கும் கருவியைப் போட்டுக்கொள்வார்கள். அது இல்லாத இடத்தில் பின் பாக்ஸின் சத்தத்தைக் குறைப்பதுதான் வழி.

கூட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆறு மணிக் கூட்டம் என்றால் மைக்செட்காரரை நான்கு மணிக்கே வரச்சொல்லுங்கள். மண்டபச் சாவி அப்போதே கைக்குக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காலி மண்டபத்தில் எதிரொலிப்பது ஆட்கள் நிறைந்ததும் அடங்கும், அதனால் சத்தத்தை ஆரம்பத்திலேயே முடிவுகட்ட வேண்டாம். முதல் பேச்சாளர் ஆரம்பித்ததும் நீங்களே கடைசி வரிசைக்குப் போய் நின்று கேளுங்கள். மைக்செட்காரரின் கூலியை, தலைவருக்குப் போடும் சால்வையை மடிப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.