ஏரிக்கரையில் இரு மாளிகைகள்

கட்டடங்கள் பேசுமா? பேசும் என்பேன் நான். வரலாறு பயிலும் எனக்கு மன்னர்களின் கோட்டைகளைவிட மனிதர் வாழ்ந்த வீடுகளே மிகுதியாகப் பேசுகின்றன. அவற்றுள் என் உறக்கத்தைக் கெடுத்தவை, பெர்லின் நகரில் வான்சே ஏரிக்கரையில் உள்ள இரண்டு மாளிகைகள்.

இரண்டையும் வடிவமைத்தவர் பால் பௌம்கார்ட்டன் என்னும் ஒரே கட்டடக் கலைஞர். முதலாவது, ஓவியர் மாக்ஸ் லீபர்மானுக்காக 1909-10ஆம் ஆண்டுகளில் எழுந்த கோடை இல்லம். சாலையோரத் தோட்டத்தில் நின்று பார்த்தால், வீட்டினூடே ஏரி நீர் கண்ணுக்குத் தெரியும்படி அமைத்தார்கள். ஏரிப்புறத்தில் சரிந்திறங்கும் புல்வெளி. ஒருபுறம் செடிவேலிகள் வகுத்த சிறு தோட்டங்கள். இத்தோட்டத்தை மட்டுமே இருநூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களாகத் தீட்டினார் லீபர்மான்.

இரண்டாவது, சில நிமிட நடைத் தொலைவில், எர்ன்ஸ்ட் மார்லியர் என்ற மருந்து உற்பத்தியாளருக்காக 1914-15இல் கட்டப்பட்டது. கண்ணாடி பதித்த பூங்கூடம், சிற்பங்கள் நிறைந்த தோட்டம், ஏரியை நோக்கிய உணவுக்கூடம் என்று அழகுக்குக் குறைவில்லை.

1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர். லீபர்மான் யூதர். அவர் 1935இல் மறைந்தார். அவர் மனைவி மார்த்தா 1940இல் அவ்வில்லத்தை விற்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டார். அதே ஆண்டில் மற்ற மாளிகை எஸ்.எஸ். படையினரின் கைக்குச் சென்றது.

1942 ஜனவரி 20ஆம் நாள், அங்கே ஹைட்ரிக் தலைமையில் 15 பேர் கூடினர். ஐரோப்பிய யூதர்களைக் கொன்றொழிக்கும் திட்டத்தைச் சுமார் ஒன்றரை மணி நேரம் பேசினர். கூட்டக் குறிப்பில் 1 கோடியே 10 இலட்சம் யூதர்கள் கணக்கிடப்பட்டிருந்தனர். அடுத்த ஆண்டு மார்ச்சில், முகாமுக்குக் கொண்டுசெல்லப்படவிருந்த 85 வயது மார்த்தா, நஞ்சுண்டு உயிர்நீத்தார்.

என்னை உலுக்கிய செய்தி இன்னொன்று. அந்தப் பதினைந்து பேரில் எண்மர் முனைவர் பட்டம் பெற்றவர்கள்!

போருக்குப் பின், 1952 முதல் 1988 வரை அந்த மாளிகை மாணவர் விடுதியாக இருந்தது. ஆஷ்விட்ஸ் முகாமில் உயிர்தப்பிய வரலாற்றறிஞர் ஜோசப் வுல்ஃப், அதை ஆவண மையமாக்க வேண்டுமென 1960களில் போராடினார். கனவு நிறைவேறுமுன்பே, 1974இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1992இல்தான் அது நினைவகமாகத் திறக்கப்பட்டது. அதன் நூலகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. லீபர்மான் இல்லம் 2006 முதல் அருங்காட்சியகம். இரண்டும் இன்று பாதுகாக்கப்பட்ட சின்னங்கள்.

ஒரே கலைஞரின் கை, ஒரே ஏரி. ஒரு வீட்டில் ஓவியம் பிறந்தது. மற்றொன்றில் கொலைக்குக் கோப்பு எழுதப்பட்டது. அழகிய கூடமும் உயர்ந்த பட்டமும் மனிதனைத் தாமாக நல்லவனாக்கிவிடா. பட்டம் பெறக் காத்திருக்கும் நாம் இதை மறக்கலாமா, நண்பர்களே?