சேர்த்துவைத்த பேச்சு

ஒரே வண்டியில் போகிறவர்கள் பேசிக்கொண்டே போகலாம். ஆளுக்கொரு வண்டியில் போகிறவர்கள் பேச்சைச் சேர்த்துவைத்துக்கொண்டுதான் போகவேண்டும். தொண்ணூறுகளில் தாம்பரத்திலிருந்து விழுப்புரத்துக்கு என் மாமியார் வீட்டுக்கு நாங்கள் அப்படித்தான் போனோம். என் கணவர் யெஸ்டியில், மகன் பின்னால் இடுப்பைக் கட்டிக்கொண்டு. நான் கைனடிக் ஹோண்டாவில், மகள் என் முழங்கால்களுக்கு நடுவே நின்றுகொண்டு. சுமார் 130 கிலோமீட்டர். ஒரே பைக்கில் நாலு பேரை அடைத்துக்கொண்டு போவது அந்தக் காலத்தில் சகஜம். அவர் அதற்கு ஒருநாளும் சம்மதிக்கவில்லை. "நீதான் ஓட்டுறியே, உன் வண்டிய எடுத்துக்கிட்டு வா" என்றார். ஹைவேயில் பொம்பளை வண்டி ஓட்டிக்கொண்டு வருவதா என்று சொந்தத்தில் முணுமுணுப்பு எழுந்தபோது முதலில் வாயை அடைத்தவர் என் மாமியார்தான்.

யெஸ்டி மைசூர்க்காரன். 1961-இல் ஜாவா என்ற பெயரில் வண்டிகளைச் செய்யத் தொடங்கி, 1973-இல் யெஸ்டி என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1996-இல் மூடப்பட்ட தொழிற்சாலை அது. கியர் கம்பியையே உள்ளே அழுத்தி மேலே நிமிர்த்தினால் கிக்கர் ஆகிவிடும். அவர் அதை உதைப்பதை மகன் வைத்த கண் வாங்காமல் பார்ப்பான். எனக்கு உதைக்கிற வேலையே இல்லை. பொத்தானை அழுத்தினால் போதும். கியரும் கிடையாது. புடவையோடு நெடுந்தூரம் ஓட்டிய பெண்களுக்குத்தான் அந்தப் பொத்தானின் அருமை தெரியும்.

அப்போது அது என்.எச். 45. 2010-இல் எண்களையெல்லாம் மாற்றிய பிறகு திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரத்துக்கு 132. எங்களுக்கு என்றைக்கும் ஜி.எஸ்.டி. ரோடுதான். போக ஒன்று, வர ஒன்று என இரண்டே தடம். இருபுறமும் புளியமரங்கள், அடிமரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை, அதன்மேல் நெடுஞ்சாலைத் துறை எழுதிய எண். காய்த்த மரங்களை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவரின் ஆட்கள் தொரட்டிக் கோலால் உலுக்குவார்கள், பெண்கள் பொறுக்கிச் சாக்கில் போடுவார்கள். பொறுக்கத் தவறிய பழத்தின்மேல் லாரி ஏறிப் போகும். தாரோடு ஒட்டி நசுங்கிய அந்தப் புளியின் வாசம் வெயிலில் கொஞ்சம் இனித்து, கொஞ்சம் புளித்து மேலே எழும். ஹெல்மெட்டுக்குள் இருந்தபடி அதை முகர்ந்திருக்க முடியாது. நான் அப்போது துப்பட்டாவைத்தான் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தேன். அது சரி என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாசம் எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.

மதுராந்தகம் ஏரிக்கரையில் முதல் நிறுத்தம். 1798-இல் பெருமழையில் கரை உடையும் என்று பயந்து நின்ற கலெக்டர் லயனல் பிளேசுக்கு, இராம லட்சுமணர் வில்லேந்திக் கரையைக் காத்து நின்ற காட்சி தெரிந்ததாகச் சொல்கிறார்களே, அந்த ஏரி. வண்டியை ஸ்டாண்டு போட்டதும் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்போம். அவர் முன்னால் போனவர். எதிரில் வந்ததையெல்லாம் பார்த்தவர். நான் பின்னால் போனவள். அவர் கடந்துபோன பிறகு என்ன நடந்தது என்று பார்த்தவள். வைக்கோல் பாரத்தின் உச்சியில் தூங்கிக்கொண்டு வந்த பையனை அவர் பார்த்திருப்பார். அதே வண்டியின் பின்பக்கம் தொங்கிய கயிற்றை எம்பி எம்பிப் பிடிக்கப் பார்த்த நாய்க்குட்டியை நான் பார்த்திருப்பேன். இரண்டையும் சேர்த்தால்தான் அந்த வண்டி முழுசாக வந்து சேரும்.

அச்சிறுபாக்கத்தில் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு. திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவன், பிள்ளையாரை வணங்காமல் கிளம்பியதால் தேரின் அச்சு முறிந்த ஊர் அது. சிவனுக்கே அந்த கதி என்றால் நாம் எம்மாத்திரம் என்பார் மாமியார்.

திண்டிவனத்தில்தான் நீண்ட நேரம் நிற்போம். அப்போது ரோடு ஊரைத் தொட்டுக்கொண்டு போனது. புதுச்சேரிக்கும் செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் மரக்காணத்துக்கும் பிரிகிற ஊர் என்பதால் எந்நேரமும் பஸ் கண்டக்டர்களின் கூவல். கோடையில் தர்ப்பூசணிக் குவியல்கள். மற்ற நாளில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, படியால் அளந்து காகிதப் பொட்டலத்தில். இந்த ஊர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-இல் வெளிவந்த டி.எம்.வி.2 ரகம் நாடெங்கும் வயல்களைப் பிடித்தது என்று மல்லாட்டையை உரித்துக்கொண்டே என் கணவர் பிள்ளைகளுக்குச் சொல்வார். அவர்கள் கவனமெல்லாம் பொட்டலத்தின் அடியில் தங்கிய உப்புத் தண்ணீரில் இருக்கும்.

கூட்டேரிப்பட்டும் விக்கிரவாண்டியும் தாண்டினால் முண்டியம்பாக்கம். சர்க்கரை ஆலை ஓடும் பருவத்தில் வெல்லப்பாகின் கனத்த வாடை முன்கூட்டியே வந்து எதிர்கொள்ளும். கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் நாங்கள் ஊர்ந்து போவோம். முந்த வேண்டாம் என்பதற்கு அவர் இடது கையைத் தாழ்த்திக் காட்டுவார். போகலாம் என்றால் ஒரு ஹாரன், நிறுத்தலாம் என்றால் இரண்டு. எங்கள் திருமணத்தில் ஒருவர் சொல்லை ஒருவர் மறுபேச்சில்லாமல் கேட்ட இடம் அந்த ரோடுதான்.

விழுப்புரத்துக்குப் போய்விட்டால் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, செஞ்சிப் பக்கம் கிராமத்துச் சாலைகளில் சுற்றுவோம். மகேந்திரவர்மன் செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் செய்வித்ததாகக் கல்வெட்டில் பொறித்துவைத்த மண்டகப்பட்டுக் குடைவரை. பிறகு பனைமலை. இராஜசிம்மன் எடுத்த தாளகிரீஸ்வரர் கோயிலில் ஒரு சிறிய சந்நிதியின் சுவரில் தேவி நிற்கிறாள். தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்து ஒயிலாகச் சாய்ந்திருக்கிறாள். சிவனின் ஆட்டத்தைப் பார்க்கிறாள். அந்த ஆட்டம் பெரும்பாலும் அழிந்துபோய்விட்டது. பார்க்கிற முகம் மட்டும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக இருக்கிறது. அவளைப் பார்த்த அன்று இறங்கும்போது நாங்கள் இருவருமே பேசவில்லை. பேச்சு விழுப்புரம் ஜங்ஷன் டீக்கடையில்தான் வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை.

நான்கு வழிச்சாலை போட்டபோது புளியமரங்கள் போயின. போக்குவரத்து பெருகிவிட்டது, இரண்டு தடத்தில் லாரிக்கு எதிரே லாரி வந்து எத்தனையோ உயிர் போயிற்று, சாலை அகலமாகத்தான் வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் நிழலை அகற்றியவர்கள் அதே அக்கறையோடு நிழலைத் திருப்பி வைத்திருக்கலாம். இப்போது புறவழிச்சாலை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொடாமலே விலகிப் போகிறது. பரனூரிலும் விக்கிரவாண்டியிலும் சுங்கம் கட்டி, காரில் ஏசி போட்டுக்கொண்டு போகிறோம். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ஒரே கண்ணாடி வழியாக இருவரும் ஒன்றையே பார்க்கிறோம். அவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் மிஞ்சுவதில்லை.

சுங்கச்சாவடியின் இடது ஓரத்தில் கட்டணமில்லாத தடத்தில் இளம் ஜோடிகள் பைக்கில் போகிறார்கள். பார்க்கவே மனசு நிறைகிறது. அதிலும் ஒரு பெண் தனி வண்டியில் வந்தால் அவள் கண்ணைவிட்டு மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

யெஸ்டியை விற்றாயிற்று, கைனடிக்கும் போயிற்று. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை அந்த நாற்பது கிலோமீட்டரையாவது இரண்டு வண்டியில் இன்னொரு முறை போகவேண்டும் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். முழங்கால் வலி கொஞ்சம் அடங்கட்டும், தை பிறந்ததும் கரும்பு வெட்டு நடக்கும்போதே போவோம் என்று சொல்லியிருக்கிறார்.