பக்கத் திரைக்குப் பின்னால்

நாடகப் பாடம் நடத்துவது எளிதன்று. மேடையில் நடமாட வேண்டிய ஒன்றைப் புத்தகத்தில் கிடத்தி வைத்து, "இப்பாத்திரத்தின் பண்புகள் யாவை?" என்று கேட்கும் துன்பத்தைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். பிற்பகல் வகுப்பென்றால் சொல்லவே வேண்டாம். முன்வரிசையில் இருவர் விழித்திருப்பர். ஏனையோர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே உறங்கும் கலையில் தேர்ந்தவர்கள். அத்தகைய வேளைகளில் எனக்குக் கைகொடுத்தவை நாடக உலகிலும் திரையுலகிலும் வழங்கும் திரைமறைவுக் கதைகளே. "காளிதாஸ் படக் கதை தெரியுமா உங்களுக்கு?" என்று தொடங்கினால் போதும், கடைசி வாங்கு வரை தலைகள் நிமிரும்.

1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் வெளியான 'காளிதாஸ்', தமிழின் முதல் பேசும் படம் என்று போற்றப்படுவது. இயக்கியவர் எச். எம். ரெட்டி, படமாக்கப்பட்டது பம்பாயில். கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசுவார். கதாநாயகன் தெலுங்கில் மறுமொழி கூறுவார். இன்னும் சிலர் இந்தியில் பேசுவர். மூவரும் ஒருவரையொருவர் தெளிவாகப் புரிந்துகொள்வர்! இன்று ஒரே மொழி பேசும் கணவனும் மனைவியும் அடையாத அந்தப் பேற்றை அன்றைய காதலர் அடைந்திருந்தனர். படச்சுருள் சென்னைக்கு வந்து சேர்ந்தபோது மக்கள் தேங்காய் உடைத்து, மலர் தூவி, ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள் என்றும் சொல்வதுண்டு. அந்தப் படத்தின் ஒரு சுருள்கூட இன்று நமக்குக் கிடைக்கவில்லை. கதைகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன.

அடுத்து எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்காவில் பிறந்தவர். கல்லூரித் தோழர் மாணிக்லால் டாண்டனுடன் 1935இல் இந்தியாவுக்கு வந்தார். தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர், மறு ஆண்டே 'சதிலீலாவதி'யை இயக்கினார். எம்.ஜி.ஆரும் டி. எஸ். பாலையாவும் முதன்முதலாகத் திரையில் முகம் காட்டிய படம் அது. குடியால் கெட்ட நாயகன் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைக்கும் பகுதியைச் சொல்லும்போது எங்கள் பால்மரத் தோட்டத்துப் பிள்ளைகள் சற்றே நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்தக் கதையை முன்னிட்டு ஒரு வழக்கு எழுந்தது. எஸ். எஸ். வாசன் எழுதிய 'சதிலீலாவதி'யும், கிருஷ்ணசாமிப் பாவலரின் நாடகமாகிய 'பதிபக்தி'யும் ஒன்றுபோலவே இருந்தன. 'பதிபக்தி'யும் அதே ஆண்டில் படமாகவே, எது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்ற சச்சரவு வழக்குமன்றம் வரை சென்றது. முடிவில், எலன் வுட் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1860இல் எழுதிய 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்ற மதுவிலக்கு நாவலே இரண்டுக்கும் தாய் என்று வெளிப்பட்டது. தேர்வில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். இருவரும் ஒரே நேரத்தில் தலை குனிவார்கள்!

டங்கன் பதினைந்து ஆண்டுகள் இந்தியாவில் இருந்தும் தமிழ் கற்கவில்லை. எனினும் 'அம்பிகாபதி'யில் இளங்கோவனின் தமிழும், 'மந்திரி குமாரி'யில் மு. கருணாநிதியின் தமிழும் அவருடைய இயக்கத்தில்தான் ஒலித்தன. 'மீரா' படம் எடுத்தபோது எம். எஸ். சுப்புலட்சுமியின் தலையைச் சாந்தில் வார்த்துச் சிலையாக்கி, அதன்மீது விளக்கொளியை இப்படியும் அப்படியும் பாய்ச்சி, முகத்திற்கு எவ்வொளி ஏற்றது என்று ஆராய்ந்தாராம். மொழி தெரியாதவருக்கு முகமே ஏடாயிற்று போலும். துவாரகைக் கோயிலுக்குள் வெள்ளையரை விடமாட்டார்கள் என்பதால் காசுமீரப் பண்டிதராக வேடம் பூண்டு உள்ளே போனார் என்றும் ஒரு கதை உண்டு.

நம் பக்கத்து நிலையும் இதற்குக் குறைந்ததன்று. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் ஆங்கிலத்தில் எழுத, அதை ஒருவர் மலாயில் பெயர்க்க, நடிகர்கள் பேசினார்கள். பி. ரம்லியை 1948இல் 'சிந்தா' படத்தில் அறிமுகப்படுத்தியவர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ். சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் 1950இல் 'பக்தி' படத்தில் அவரைக் கதாநாயகனாக்கினார். பருக்கள் நிறைந்த முகத்தை யார் பார்ப்பார்கள் என்று முதலாளிகள் தயங்கியதாகச் சொல்வர்.

இவ்வாறு மொழி தெரியாமலே கலை வளர்த்தவர்கள் பலர் இருக்க, மொழியைக் கற்றே தீருவேன் என்றவரும் உண்டு. மராத்தி நடிகை சாந்தா ஆப்தே 1941இல் வெளிவந்த 'சாவித்திரி'யில் நடிப்பதற்காகத் தமிழ் பயின்று, தம் வசனங்களைத் தாமே பேசினார். எம். எஸ். அந்தப் படத்தில் நாரதராக வந்தார். "மராத்தியம்மாள் கற்ற தமிழ் உனக்கு வரவில்லையா?" என்று நான் எத்தனை பிள்ளைகளை அதட்டியிருப்பேன்!

சாவித்திரி என்றதும் யமன் நினைவுக்கு வராமல் இருப்பானா? சங்கரதாஸ் சுவாமிகள் இளமையில் யமனாகவும் சனீசுவரனாகவும் மேடையில் தோன்றி அவையை நடுங்க வைத்தவர். அவர் யமனாகப் பாய்ந்து வந்ததைக் கண்டு ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் கரு கலைந்தது. சனீசுவரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்றபோது, துணி வெளுக்க வந்த பெண் ஒருத்தி அவரைக் கண்டு அஞ்சி உயிரிழந்தாள். அன்றிலிருந்து அவர் வேடம் புனைவதை விட்டு, நாடகம் எழுதுவதிலும் கற்பிப்பதிலும் ஈடுபட்டார். இது நாடக உலகில் வழங்கும் கதை. நடிப்பின் உச்சம் என்று காட்டவே இதை வகுப்பில் சொல்லிவந்தேன். ஒரு முறை மாணவி ஒருத்தி எழுந்து, "அந்த அம்மாவுடைய பெயர் என்ன, சார்?" என்று கேட்டாள். எந்தக் கதையிலும் அப்பெயர் இல்லை. "பெயரா முக்கியம்? உட்கார்" என்று சொல்லிவிட்டேன்.

இனி என் சொந்தக் கதை. ஆசிரியர் அறைகளில் நான் நாற்பது ஆண்டுகள் சொல்லிவந்தது. ஆசிரியர் பயிற்சி ஒன்றில், வேறொரு தோட்டத்தில் நடந்ததாக ஓர் இளைஞர் எனக்கே திருப்பிச் சொன்னது.

1971ஆம் ஆண்டு ஜொகூரில் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்ற சில திங்களில் பரிசளிப்பு விழா வந்தது. 'சாவித்திரி' நாடகத்தை நானே எழுதினேன். ஆறாம் வகுப்பில் உயரமும் கனத்த குரலும் கொண்ட ஒருவன் யமன். பால்வெட்டுத் தொழிலாளியின் மகன். அட்டைக் கிரீடம், கரியைக் குழைத்து முகப்பூச்சு, சாக்குக் கயிற்றில் பாசம், குதிரைவாலைப் போன்றதொரு மீசை. விழாவுக்குத் தோட்டத் துரையும் பெரிய கிராணியும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். கியாஸ் விளக்கின் இரைச்சலுக்கு நடுவே யமன் கம்பீரமாக வந்து நின்று, "சாவித்திரி!" என்று கர்ஜித்தான். பின் ஒரு கணம் திகைத்தான். அடுத்து, "மீசையை முறுக்கு!" என்றான்.

மீசையே இல்லாத சாவித்திரி விழித்தாள். கொட்டகை அதிர்ந்தது. துரைக்கு ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்ல, அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். யமன் பாசக்கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினான். அவனைப் பிடிக்க, அதுவரை மாண்டு கிடந்த சத்தியவான் எழுந்து பின்னாலேயே ஓடினான். யமனிடம் வரம் பெறாமலே சத்தியவான் உயிர்பெற்ற ஒரே நாடகம் எங்களுடையதுதான்!

"நாடகக் குறிப்பையும் வசனமென்று எண்ணி மனப்பாடம் செய்துவிட்டான், மடையன்" என்று முடிப்பேன். கேட்டவர் சிரிக்காத நாளில்லை.

உண்மை வேறு. அவன் அந்தக் குறிப்பேட்டைக் கண்ணால் கண்டதேயில்லை. வசனம் முழுவதையும் நான் வாய்விட்டுச் சொல்ல, அவன் செவிவழியாகவே கற்றான். அன்று அவன் திகைக்கவும் இல்லை. "சாவித்திரி என்று சொல்லிச் சற்று நிறுத்து" என்று கற்பித்தவன் நான்தான், அவன் நிறுத்தினான். பக்கத் திரைக்குப் பின்னால் கைவிளக்குடன் நின்ற நான், வசனம் மறந்துவிட்டான் என்று பதறி, ஏட்டில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக் கொடுத்தேன். அது அடைப்புக்குறிக்குள் இருந்தது. சார் சொன்னதை அவன் அப்படியே உரக்கச் சொன்னான்.

விழா முடிந்ததும் தலைமையாசிரியர் சினத்தோடு என்னிடம் வந்தார். நான் புதியவன்; வேலை இன்னும் உறுதியாகவில்லை. "பையன் பயத்தில் உளறிவிட்டான், சார்" என்றேன். அவனுடைய தந்தை அருகில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதல் தோட்டம் முழுவதும் அவனுக்கு 'மீசை' என்றே பெயர். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் உதட்டைத் திறக்கமாட்டான். ஆண்டிறுதித் தேர்வுக்குப் பின் பள்ளியை விட்டு, தந்தையோடு பால்வெட்டப் போய்விட்டான். அக்காலத்தில் அப்படிப் போனவர் பலர். அதனால் யாரும் அதைப் பெரிதாகக் கருதவில்லை. நானும் வேறு பள்ளிக்கு மாறினேன்.

2012இல் ஒரு திருமண மண்டபத்தில் அவரைக் கண்டேன். தலை நரைத்து, பேரப்பிள்ளை ஒன்றைத் தோளில் சாய்த்திருந்தார். நான் அடையாளம் காணுமுன் அவரே வந்து வணங்கினார்.

"நல்லா இருக்கீங்களா, சார்? யமன் சார் நான்."

உணவு மேசைக்கு அழைத்துச் சென்று, தம் மக்களிடம், "இவர்தான் எனக்கு நாடகம் சொல்லிக் குடுத்தவரு" என்றார். அவருடைய மூத்த மகன் சிரித்துக்கொண்டே, "மீசையை முறுக்கு கதையா? அப்பா உளறினதை ஊரே சொல்லும்" என்றான். அவரும் சிரித்தார். பின் என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "எனக்கு இன்னமும் ஒரு சந்தேகம், சார். அன்னைக்கு அதை நீங்கதானே சொன்னீங்க? இல்லே, நானாத்தான் சொல்லிட்டேனா?" என்று கேட்டார்.

இலையில் பாயசம் பரவிக்கொண்டிருந்தது. "நான்தான் சொன்னேன். நீ மறக்கவில்லை. என்மேல்தான் பிழை" என்றேன். மேசையில் இருந்த அனைவரும் கேட்கும்படி சொன்னேன்.

அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். "அன்னைக்கு ராத்திரி அப்பா ரொம்ப அடிச்சிட்டாரு, சார். துரை முன்னாடி மானத்தை வாங்கிட்டேன்னு" என்றார். "அவருகிட்ட இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அவருடைய தந்தை காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.